வெளிநாட்டு வங்கிக் கணக்கு: டெல்டாக்காரர்களுக்கு எப்போது பலன், எப்போது வீண் செலவு?

காவிரி டெல்டாவில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை இல்லாத தெரு அநேகமாக இல்லை. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர், காரைக்கால் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிப்பவர். மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் சிங்கப்பூர், அமெரிக்கா என்று பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி: “பணத்தை ஊருக்கு அனுப்பாமல் அங்கேயே ஒரு கணக்கில் போட்டு வைத்தால் லாபமா?” இப்போது ஊரிலேயே இருப்பவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: “இங்கிருந்தே துபாயிலோ சிங்கப்பூரிலோ கணக்கு தொடங்கலாமாமே, வரியும் கிடையாதாமே?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் சம்பளம் வாங்கும் நாட்டில், படிக்கும் நாட்டில், வாடகை கட்டும் நாட்டில் ஒரு சாதாரண வங்கிக் கணக்கு கட்டாயம் வேண்டும். நீங்கள் வாழாத நாட்டில், ஊரில் இருந்தபடியே தொடங்கும் ஆஃப்ஷோர் கணக்கு டெல்டாவின் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கிடைக்கும் என்று சொல்லப்படும் பலன்களில் முக்கால்வாசி, வெளிநாடு வாழ் இந்தியருக்கு நம்மூர் வங்கி தரும் என்ஆர்இ (ரூபாய்க் கணக்கு), எஃப்சிஎன்ஆர் (வெளிநாட்டு நாணய வைப்பு) கணக்குகளிலேயே கிடைக்கிறது. வரி இல்லை என்ற பேச்சு, ஊரில் குடியிருப்பவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இதில் வரும் எண்கள் 2025-26 நிதியாண்டு நிலவரம். வரி விகிதங்கள் பிப்ரவரி பட்ஜெட்டில் மாறலாம். பணம் அனுப்பும் முன் வங்கியில் ஒருமுறை சரிபாருங்கள்.

முதலில் நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே இரண்டு சட்டங்கள் தனித்தனியாகப் பேசுகின்றன. ஒன்று அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999, சுருக்கமாக ஃபெமா. எந்தக் கணக்கை வைத்திருக்கலாம் என்பதை அது சொல்கிறது. மற்றொன்று வருமான வரிச் சட்டம். எதற்கு வரி, எதை அறிவிக்க வேண்டும் என்பது அதன் வேலை. வேலைக்கென்று விமானம் ஏறியவர் அன்றிலிருந்தே ஃபெமா கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிவிடுகிறார். வருமான வரியோ நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்று எண்ணுகிறது. பொதுவாக 182 நாள் இருந்தால் இங்கே ரெசிடென்ட், அதாவது வரிக்கு இந்தியாவில் வசிப்பவர். இந்தியாவில் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள வெளிநாடு வாழ் குடிமகன் ஊருக்கு வந்து தங்கினால் 120 நாளிலேயே கேள்வி எழும். அப்படிப்பட்டவர்கள் ஆடிட்டரைப் பார்க்காமல் டிக்கெட் தேதியை முடிவு செய்ய வேண்டாம்.

குடியுரிமை வேறு, வரிக்கான வசிப்பு வேறு. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதல்ல, ஆண்டில் எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் இங்கே கேட்கப்படும்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் செய்ய வேண்டியது

இந்த வரிசையில் செய்தால் பின்னால் சிக்கல் வராது.

1. வேலை பார்க்கும் நாட்டில் சம்பளக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி கையில் வந்த பிறகு பாஸ்போர்ட், விசா, கம்பெனி தரும் சம்பளச் சான்று இருந்தால் போதும். பல வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு 3,000 திர்ஹம். அதற்குக் கீழே போனால் மாதம் 25 திர்ஹம் அளவில் பிடிப்பார்கள். சம்பளம் நேராக வந்து விழும் கணக்கு என்றால் பெரும்பாலும் இந்தப் பிடித்தம் இருக்காது. கணக்கு தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

2. ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடு வாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் வெளிநாட்டில் இருந்தும் பழைய சேமிப்புக் கணக்கிலேயே பணம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஃபெமா மீறல். கண்டுபிடித்தால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கிருந்து அனுப்பிய பணத்தை மறுபடி வெளிநாட்டுக்கு எடுக்கும்போதும் அது என்ஆர்ஓ வரம்புக்குள் மாட்டிக்கொள்ளும்.

3. என்ஆர்இ கணக்கு ஒன்று தனியாகத் தொடங்குங்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியம் இதில்தான் வர வேண்டும். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அசல், வட்டி இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம். கும்பகோணத்தில் 1904-இல் பிறந்த சிட்டி யூனியன் வங்கி தொடங்கி ஸ்டேட் வங்கி வரை எல்லாரும் இந்தக் கணக்கைத் தருகிறார்கள்.

4. எந்தப் பணம் எந்தக் கணக்குக்கு என்பதைக் குழப்பாதீர்கள். ஊர் நிலத்தின் குத்தகைப் பணம், நெல் விற்ற பணம், வீட்டு வாடகை எல்லாம் என்ஆர்ஓ கணக்குக்கே போக வேண்டும். சம்பா அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணத்தை என்ஆர்இ கணக்குக்கு வரவு வைக்கச் சொன்னால் வங்கி ஏற்காது. என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே வரி, பிடிப்பார்கள். இங்கே உண்மையில் வரிக்குரிய வருமானம் குறைவு என்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். என்ஆர்ஓவிலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே எடுக்க முடியும். ஆடிட்டர் சான்று கேட்பார்கள்.

5. என்ஆர்இ கணக்கில் ஊரில் இருக்கும் அம்மாவையோ மனைவியையோ கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் “ஃபார்மர் ஆர் சர்வைவர்” முறையில் மட்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அவர்கள் அந்தக் கணக்கை உங்கள் அதிகாரப் பத்திரத்தின் பேரில்தான் இயக்க முடியும். அதை வைத்து ஊர்ச் செலவுகளுக்குக் கொடுக்கலாம். உங்கள் சார்பில் வேறொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது.

இன்னொரு செய்தி, நம்மூருக்கு முக்கியம்: வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா விட்டுப்போன நஞ்சை வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், புதிதாக ஒரு மா கூட வாங்கக் கூடாது. மனை, வீடு வாங்கத் தடை இல்லை. என்ஆர்இ பணத்தை வைத்து வயல் வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ரூபாயா, டாலரா?

“ரூபாய் மதிப்பு விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால் அங்கேயே டாலரில் வைக்கிறேன்” என்பவர்கள் பலர். கவலை நியாயமானது. 2014 இறுதியில் ஒரு டாலர் சுமார் 63 ரூபாய். 2024 இறுதியில் சுமார் 85 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம் வீதம் ரூபாய் இறங்கியிருக்கிறது.

ஆனால் இதற்கு வெளிநாட்டுக் கணக்குதான் தீர்வு என்றில்லை. எஃப்சிஎன்ஆர் வைப்பு இருக்கிறது. இந்திய வங்கியில், டாலராகவோ பவுண்டாகவோ யூரோவாகவோ, 1 முதல் 5 ஆண்டு வரை போட்டு வைக்கலாம். வட்டியும் அதே நாணயத்தில் வரும், வெளிநாடு வாழ் இந்தியருக்கு வரி இல்லை. திர்ஹம் 1997-இலிருந்து டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அதனால் துபாய்க்காரர் டாலர் எஃப்சிஎன்ஆர் போட்டால் திர்ஹத்தில் வைத்திருப்பதும் அதுவும் ஒன்றுதான்.

எது லாபம்? கணக்குக்காக என்ஆர்இ எஃப்டி வட்டி 7 சதவீதம், டாலர் எஃப்சிஎன்ஆர் 4.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1.07-ஐ 1.045-ஆல் வகுத்தால் 1.024. அதாவது ரூபாய் ஆண்டுக்கு 2.4 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் எஃப்சிஎன்ஆர் லாபம், அதற்குக் குறைவாக இறங்கினால் என்ஆர்இ லாபம். அன்றைய வட்டியைப் போட்டு இதே வகுத்தலை நீங்களே செய்துகொள்ளலாம். எங்கள் கருத்து: பட்டுக்கோட்டையில் வீடு கட்டவோ தங்கை கல்யாணத்துக்கோ சேர்க்கிற பணம் என்றால் என்ஆர்இ போதும், செலவு ரூபாயில்தானே. பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்க, அங்கேயே வீடு வாங்கச் சேர்க்கிற பணம் என்றால் எஃப்சிஎன்ஆர். இரண்டிலும் ஒரு வருடம் முடிவதற்குள் உடைத்தால் வட்டி ஒரு பைசா வராது. அவசரத்துக்கு வேண்டிய பணத்தைத் தனியாகச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொண்டு மீதியைப் போடுங்கள்.

இந்திய வங்கி வைப்புக்கு டிஐசிஜிசி என்ற வைப்புக் காப்பீட்டு நிறுவனம் தரும் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான். பெரிய தொகை இருந்தால் வங்கிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் இடத்தில் வெளிநாட்டு வங்கி மேல்தான்: அமெரிக்காவில் 2,50,000 டாலர், சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 1,00,000 சிங்கப்பூர் டாலர் வரை காப்பீடு உண்டு. ஆனால் சிங்கப்பூர்க் காப்பீடு சிங்கப்பூர் டாலர் வைப்புக்கு மட்டும். அதே வங்கியில் அமெரிக்க டாலராக வைத்தால் காப்பீடு கிடையாது. ஆஃப்ஷோர் என்றதும் நினைவுக்கு வரும் ஜெர்சி, ஐல் ஆஃப் மேன் தீவுகளில் வரம்பு 50,000 பவுண்டு.

ஊரில் இருந்தபடி கணக்கு தொடங்க நினைப்பவருக்கு

இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டு வங்கியில் கணக்கு தொடங்கச் சட்டப்படி தடை இல்லை. ரெசிடென்ட்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழிசெய்யும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம் 2004-இல் 25,000 டாலர் வரம்போடு தொடங்கியது. இன்று ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். கணவன், மனைவி இருவர் வரம்பையும் சேர்த்து ஒரே கணக்குக்கு அனுப்ப வேண்டுமென்றால் இருவரும் அந்தக் கணக்கின் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும்.

ஆக, முடியும். கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. தஞ்சாவூரில் ரைஸ்மில் நடத்தும் ஒருவர் 15 லட்சம் ரூபாயை வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்புகிறார் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஆண்டுக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி) இல்லை. அதற்கு மேல் உள்ள 5 லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது 1 லட்சம் ரூபாயை வங்கி தனியாகப் பிடிக்கும். கையில் 16 லட்சம் இருந்தால்தான் 15 லட்சம் போகும். இந்த ஒரு லட்சம் தொலைந்துவிடாது, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரிட்டர்ன் போட்டு வரும்வரை வட்டியில்லாமல் முடங்கும். விவசாய வருமானம் மட்டும் உள்ளவர் இதற்காகவே புதிதாக ரிட்டர்ன் போட வேண்டி வரும்.

பிறகு நாணயம் மாற்றும் விலையில் வங்கி வைக்கும் வித்தியாசம். கூகுளில் தெரியும் விலைக்கு எந்த வங்கியும் டாலர் தராது. 1.5 சதவீதம் என்று வைத்தால் 22,500 ரூபாய். நாணய மாற்றத்தின் மேல் ஜிஎஸ்டி 1,080. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் கட்டணம் சுமார் 1,000. நடுவில் இருக்கும் வங்கி 20 டாலர் பிடித்தால் 85 ரூபாய் வீதம் 1,700. மொத்தம் 26,280. திரும்பக் கொண்டுவரும்போது இதே அளவில் இன்னொரு செலவு. போய் வருவதற்கே ஏறக்குறைய 50,000 ரூபாய்.

அங்கே 4 சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்கு 60,000. இதற்கு இந்தியாவில் உங்கள் வரி அடுக்கின்படி வரி. 30 சதவீத அடுக்கில் 42,000 மிஞ்சும். ரூபாய் 3 சதவீதம் இறங்கினால் இன்னொரு 45,000. மொத்தம் 87,000. பணம் போய் வரும் செலவு 50,000 போனால் முதல் வருடம் நிற்பது 37,000. அதே 15 லட்சத்தை இங்கே 7 சதவீத எஃப்டியில் போட்டால் வரி போக 73,500. ஆண்டுக்காண்டு வெளிநாட்டு வைப்பு கொஞ்சம் கூடுதலாகத் தந்தாலும், அந்த 50,000-ஐ மீட்கவே மூன்று நான்கு வருடம் ஆகும். அதற்குள் குறைந்தபட்ச இருப்புக் கட்டணம், ஆடிட்டர் கட்டணம் வேறு.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வெளிநாட்டு வட்டிக்கும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். வட்டிக்கு உண்டு. அதுவும், வரிவிலக்கு வரம்பைத் தாண்டும் வேறு வருமானம் இருந்தால் விகிதம் நிர்ணயிக்க விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒன்று இருக்கிறது. எல்ஆர்எஸ்ஸில் அனுப்பிய பணத்தைச் செலவழிக்காமலும் முதலீட்டில் போடாமலும் சும்மா வைத்திருந்தால் 180 நாளுக்குள் இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 2022 ஆகஸ்டிலிருந்து இதுதான் விதி. சேமிப்புக் கணக்கில் டாலராக வைத்துப் பூட்டுவது என்ற திட்டமே இங்கே அடிபட்டுப் போகிறது. எஃப்டியாகப் போடும் எண்ணம் இருந்தால் அதை முதலீடாக ஏற்பார்களா என்று அனுப்பும் வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தேவை இருக்கிறது என்பவர்கள் உண்டு. சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்பவர், அங்கே வீடு வாங்கி வாடகை பெறுபவர், ஆண்டில் பல மாதம் மகள் வீட்டில் தங்குபவர். அவர்களுக்கு வழிமுறை: அனுப்பும் வங்கியில் உங்கள் கணக்குக்கு ஒரு வருட வயதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய வங்கியின் ஸ்டேட்மெண்டும் வரி ரிட்டர்னும் கேட்பார்கள். வேதாரண்யத்திலோ வலங்கைமானிலோ உள்ள சின்னக் கிளையில் பெரும்பாலும் இந்த வேலை நடக்காது. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் அன்னியச் செலாவணிப் பிரிவு உள்ள கிளைக்குப் போங்கள். பான் கட்டாயம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீட்டைச் சரியாகப் போட வேண்டும்: படிப்புக்கு அனுப்புவதையும் முதலீட்டுக்கு அனுப்புவதையும் மாற்றிப் போட்டால் டிசிஎஸ் விகிதமே மாறிவிடும், பின்னால் திருத்துவது பெரும்பாடு. கடன் வாங்கி இப்படிக் கணக்கில் போட வங்கி அனுமதிக்காது.

டாலரில் ஒரு கணக்கு இருந்தால் போதும் என்பவர்கள் குஜராத் காந்திநகரில் இருக்கும் கிஃப்ட் சிட்டியைப் பாருங்கள். இந்திய வங்கிகளே அங்கே கிளை வைத்திருக்கின்றன. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி ரெசிடென்ட்களுக்கும் அங்கே அன்னிய நாணயக் கணக்குக்கு வழி திறந்தது. எல்ஆர்எஸ் வரம்பும் டிசிஎஸ்ஸும் அதே. ஆனால் பேசத் தெரிந்த வங்கி, இந்தியச் சட்டம், இந்திய வாரிசு நடைமுறை. துபாயில் கணக்கு தேடுவதற்கு முன் இதை விசாரிப்பது புத்திசாலித்தனம்.

ஆவணங்கள்: நம்மூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

வெளிநாட்டு வங்கி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப முதல் காரணம் பெயர். பானில் “கே. செந்தில்குமார்”, பாஸ்போர்ட்டில் “செந்தில்குமார் கலியபெருமாள்”, ஆதாரில் “செந்தில் குமார்” என்று இடைவெளியோடு. இன்ஷியல் பழக்கம் அங்கே யாருக்கும் புரியாது. மூன்று பேர் என்றே எடுத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பானையும் ஆதாரையும் முதலில் திருத்துங்கள். பிறகுதான் விண்ணப்பம்.

இரண்டாவது, மாவட்டம். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. சீர்காழி, தரங்கம்பாடிக்காரர்களின் பழைய பாஸ்போர்ட்டில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றும், புதிய ஆதாரில் மயிலாடுதுறை என்றும் இருக்கும். ஊர் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்கு அது இரண்டு முகவரி. வங்கி ஸ்டேட்மெண்டையும் பாஸ்போர்ட்டையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. நெல் விற்ற பணம் என்று எழுதினால் மட்டும் போதாது. பட்டா, சிட்டா, அடங்கல், கொள்முதல் நிலையத்தின் ரசீது, அந்தத் தொகை வங்கியில் வரவான ஸ்டேட்மெண்ட், இவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு, நோட்டரி கையெழுத்து, சில நாடுகளுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை. ரொக்கமாக விற்றுப் பையில் வைத்திருந்த பணத்துக்கு எந்த வெளிநாட்டு வங்கியும் கதவு திறக்காது. கூடவே, எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு தன்னறிக்கை வாங்குவார்கள். அதில் வரி எண் என்ற இடத்தில் உங்கள் பான் எண் போகும். அந்தக் காகிதம் எங்கே போகிறது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

ஷெட்யூல் எஃப்ஏ: மறைக்க முடியாது, மறக்கவும் கூடாது

சிஆர்எஸ் என்ற உலகளாவிய ஏற்பாட்டின்படி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆண்டுதோறும் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. இந்தியா 2017 முதல் இதில் இருக்கிறது. சிங்கப்பூர், அமீரகம் உண்டு. சுவிட்சர்லாந்தே 2019 முதல் இந்தியாவுக்கு விவரம் அனுப்புகிறது. உங்கள் பெயர், பான், இருப்பு, வட்டி எல்லாம் வருமான வரித் துறைக்கு வந்துவிடும். 2024 நவம்பரில், வெளிநாட்டுச் சொத்தை ரிட்டர்னில் காட்டாதவர்களுக்குத் துறையே குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது.

ரெசிடென்ட் ஒருவருக்கு வெளிநாட்டில் கணக்கு இருந்தால், வருமானமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்கள் ஆகாது. ஐடிஆர்-2 அல்லது 3. அதில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ பகுதியில் வங்கி பெயர், முகவரி, கணக்கு எண், தொடங்கிய தேதி, ஆண்டின் உச்ச இருப்பு, இறுதி இருப்பு, வட்டி எல்லாவற்றையும் ரூபாயில் எழுத வேண்டும். ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விலையில் மாற்ற வேண்டும். இங்கே நிதியாண்டு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையான காலண்டர் ஆண்டு. ஏப்ரல்-மார்ச் ஸ்டேட்மெண்ட்டைக் கொடுத்துத் தப்பான உச்ச இருப்பை எழுதுவது வழக்கமாக நடக்கும் பிழை. வெளிநாட்டில் வரி பிடித்திருந்தால் அதைக் கழிக்கத் தனிப் படிவம் உண்டு, ரிட்டர்னோடு அதையும் போடச் சொல்லுங்கள்.

காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து அல்லாதவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து இந்த அபராதத்துக்கு விலக்கு கிடைக்கிறது. ஆனால் காட்ட வேண்டிய கடமை போகவில்லை. கணக்கில் வராத பணம் என்று முடிவானால் 30 சதவீத வரி, அதைப் போல மூன்று மடங்கு அபராதம். வேண்டுமென்றே மறைத்தால் சிறை.

இதில் அப்பாவியாக மாட்டுபவர்கள் பெற்றோர்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன், “எனக்கு ஏதாவது ஆனால் அம்மாவுக்குக் கிடைக்கட்டும்” என்று தன் கணக்கில் மன்னார்குடியில் இருக்கும் அம்மாவைக் கூட்டாகச் சேர்த்துவிடுகிறார். அன்றிலிருந்து அது அம்மாவின் வெளிநாட்டுச் சொத்து. முதியோர் பென்ஷன் தவிர வேறு வருமானம் இல்லாத அந்த அம்மா வருடா வருடம் ஐடிஆர்-2 போட வேண்டும். கையெழுத்திடும் அதிகாரம் மட்டும் கொடுத்தாலும் இதே கதிதான். தயவு செய்து ஊரில் இருக்கும் பெற்றோரை வெளிநாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கென்று நினைக்கும் பணத்தை என்ஆர்இ கணக்கில் போட்டு அவர்களை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வசிக்கும்வரை அங்கேயுள்ள உங்கள் கணக்கை இந்திய ரிட்டர்னில் காட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத் தலைகீழ்: என்ஆர்இ வட்டிக்கு அங்கே வரி உண்டு, இந்தியக் கணக்குகளின் மொத்தம் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் அங்கே அறிவிக்க வேண்டும்.

படிக்கப் போகும் பிள்ளைக்கு

இங்கே கேள்வியே இல்லை, கணக்கு வேண்டும். ஜெர்மனிக்கு என்றால் விசாவுக்கு முன்பே முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992 வீதம் எடுக்கலாம். கனடாவுக்குப் படிக்கப் போகுமுன் அங்குள்ள வங்கியில் போட்டு வைக்கும் ஜிஐசி வைப்புத் தொகை 2025 செப்டம்பரிலிருந்து 22,895 கனடா டாலர். கணக்கு பிள்ளையின் பெயரில் மட்டும் இருக்கட்டும். கல்விக்கடனில் போகும் தொகைக்கு டிசிஎஸ் இல்லை; சேமிப்பிலிருந்து அனுப்பினால் 10 லட்சத்துக்கு மேல் உண்டு. ஆகவே ஒரே நிதியாண்டில் கொட்டாமல், முடிந்தால் ஒரு பகுதியை மார்ச்சிலும் மறுபகுதியை ஏப்ரலிலும் அனுப்புங்கள்.

உண்டியலும் ஏஜெண்டும்

உண்டியலில், அதாவது வங்கி வழியே இல்லாமல் ஆள் மூலம், அனுப்பினால் விலை நன்றாக வரும், அரைமணியில் வீட்டுக்கே பணம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்துக்கு ஆவணம் இல்லை. அதில் கட்டிய வீட்டுக்கு நாளை வரித் துறை கணக்கு கேட்டால் வெளிநாட்டுச் சம்பாத்தியம் என்று நிரூபிக்க வழியில்லை, உங்கள் உழைப்பின் காசு கணக்கில் வராத பணமாகிவிடும். ஃபெமாவிலும் குற்றம். வெளிநாட்டுக் கணக்கு திறந்து ஃபாரெக்ஸ் வர்த்தகத்தில் போட்டுத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களையும் நம்பாதீர்கள்: எல்ஆர்எஸ் பணத்தை வெளிநாட்டில் மார்ஜின் வர்த்தகத்துக்கு அனுப்பவே தடை. வங்கியின் பெயரில் நேரடியாகப் போகாமல் ஏதோ ஒரு கம்பெனிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அது ஏமாற்று வேலை.

ஊர் திரும்பும்போது

திரும்பி வந்தபின் வெளிநாட்டுக் கணக்கை மூடியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அங்கே வாழ்ந்தபோது சம்பாதித்ததை ஃபெமா பிரிவு 6(4)-இன்படி அங்கேயே வைத்துக்கொள்ளலாம். கடந்த பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் இருந்தவர் போன்றோருக்கு இடைக்கால வரி நிலை ஒன்று கிடைக்கும். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வட்டிக்கு இங்கே வரி இல்லை. அந்த அவகாசத்துக்குள் மூடுவதா வைப்பதா என்று முடிவெடுங்கள்.

வளைகுடாவிலிருந்து வருபவருக்கு மூடிவிடுவதே நல்லது. விசா ரத்தானதும் ஐடி காலாவதியாகும், சிம் நின்றுபோகும், ஓடிபி வராது, கணக்கு முடங்கும். திருவாரூரில் உட்கார்ந்து அதைத் திறப்பது ஆகாத காரியம். கிராஜுவிட்டி வந்து சேரும்வரை காத்திருங்கள். கிரெடிட் கார்டு, கடன் பாக்கியை முழுக்கக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றை வாங்குங்கள். சின்னக் கார்டு பாக்கி வளர்ந்து அடுத்த பயணத்தில் விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு மொத்தத்தையும் என்ஆர்இ கணக்குக்கு மாற்றி, மூடியதற்கான கடிதத்தோடு விமானம் ஏறுங்கள். வந்ததும் வங்கிக்குச் சொல்லி என்ஆர்இயை ரெசிடென்ட் கணக்காகவோ, டாலராக வைக்க விரும்பினால் ஆர்எஃப்சி கணக்காகவோ (ஊர் திரும்பியவருக்கான அன்னிய நாணயக் கணக்கு) மாற்ற வேண்டும்.

மூடாமல் வைப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பல நாடுகளில் நம்மூர் மாதிரி நாமினி முறை கிடையாது. கணக்கு வைத்திருந்தவர் இறந்த செய்தி தெரிந்ததும் அமீரக வங்கி கணக்கை முடக்கும், கூட்டுக் கணக்கும் தப்பாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று அங்கே நேராகச் செல்லாது. நீதிமன்ற உத்தரவு, அரபு மொழிபெயர்ப்பு, தூதரக முத்திரை என்று அலைய வேண்டும். அதனால் அங்கே செல்லுபடியாகும் உயில் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். வங்கி பெயர், கணக்கு எண், கிளை, எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தது, எந்தச் சிம் எண் இணைந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் பத்திரம் வைக்கும் பெட்டியில் பட்டாவோடு சேர்த்து வையுங்கள். அது அங்கே இருப்பதை மனைவிக்கோ கணவருக்கோ சொல்லிவிடுங்கள்.